பாண் வண்டி வந்த வழி

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. மாவைப் புளிக்க வைத்துச் சுட்டெடுக்கும் அடுப்பும் அத்தீவின் வீடுகளில் வழக்கமாக இருந்ததில்லை. அப்படியிருந்தும் கொழும்பின் நெருக்கமான ஒழுங்கைகளிலும், யாழ்ப்பாணத்துக் குச்சொழுங்கைகளிலும், மலையகத் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய வளைவுப் பாதைகளிலும் காலையிலும் பிற்பகலிலும் மக்கள் காதைத் தீட்டிக்கொண்டு எதிர்பார்த்திருப்பது பாண் விற்பவரின் வருகையைத்தான். தமிழ்நாட்டில் பிரெட் என்று வழங்குவது இலங்கைத் தமிழில் பாண் எனப்படுகிறது. ரொட்டி என்றால் அங்கே தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து கல்லில் சுடும் தட்டையான பண்டத்தையே குறிக்கும். அயல் தானியம் ஒன்று இத்தீவின் அன்றாட உணவாகிப்போனதற்குப் பேரரசுகளையும் உலகப்போரையும் பங்கீட்டு அட்டையையும் காரணமாகக் காட்டுவது வழக்கம். அவை உண்மையான காரணங்களே. ஆயினும் துறைமுகத்தில் இறங்கிய மாவு போறணை எனப்படும் அடுப்பில் வெந்து, ஒவ்வொரு வீட்டுப் படலைக்கும் சூடு ஆறுமுன் வந்து சேர்ந்திராவிட்டால் அந்தப் பெரிய காரணங்கள் அனைத்தும் நகரத்துத் தேநீர்க் கடைகளோடு நின்றுபோயிருக்கும். அந்தக் கடைசி ஒரு மைல் தூரத்தைக் கடந்தவர் தெருவில் பாண் விற்றவர். அவருடைய வரலாறு தனியே சொல்லப்படத் தக்கது.

1505 இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், படைவீரருக்கும் பாதிரிமாருக்கும் வேண்டிய கோதுமை உணவைத் தம்முடன் கொண்டுவந்தனர். பாண் என்ற பெயரும், பாண் சுடும் பெரிய அடுப்பைச் சுட்டும் போறணை என்ற பெயரும் அவர்களுடைய மொழிவழி வந்து சிங்களத்திலும் தமிழிலும் நிலைத்தவை. செங்கல்லும் களிமண்ணும் கொண்டு குடைவாகக் கட்டப்படும் போறணைக்குள் முதலில் விறகை எரித்து, சுவர்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டபின் தணலை ஒதுக்கிவிட்டு, நீண்ட மரத் துடுப்பால் மாவுருண்டைகளை உள்ளே தள்ளி வாயை மூடிவிடுவது அதன் முறை. ஐரோப்பாவில் மாவைப் புளிக்க வைக்கப் பயன்பட்ட நொதி இங்கே எளிதில் கிடைக்காமையால், தென்னங்கள்ளும் பனங்கள்ளும் அந்த வேலையைச் செய்தன. வேற்றுநாட்டு உணவு இம்மண்ணோடு கொண்ட முதல் உறவு கள்ளிறக்குவோர் வழியாகவே ஏற்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. கோதுமை கப்பலில் வந்தாலும் அதை உப்ப வைத்தது உள்ளூர்ப் பனையும் தென்னையும்.

1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்திலும் பாண் பெரும்பாலும் கோட்டைக்குள் வாழ்ந்தோரின் உணவாகவே இருந்தது. அவர்களின் வழிவந்த பறங்கியர் சமூகம் நத்தார் நாளில் செய்யும் புரூடர் என்ற முட்டை சேர்த்த இனிப்புப் பாண் அக்காலத்தின் எச்சமாக இன்றும் எஞ்சியிருக்கிறது. 1796 இல் ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கியபின் நகரங்கள் விரிந்தன. அரசாங்க அலுவலகங்களும் தொடர்வண்டி நிலையங்களும் பள்ளிக்கூடங்களும் நேரம் குறித்து இயங்கத் தொடங்கியபோது, அதிகாலையில் அடுப்பு மூட்டாமல் உண்ணக்கூடிய உணவுக்கு முதன்முறையாக ஒரு தேவை பிறந்தது. பாண் நிறையால் விற்கப்படும் முறையும் அக்காலத்தது. ஒரு முழுப் பாணை ஒரு றாத்தல் பாண் என்றும் அதன் பாதியை அரை றாத்தல் என்றும் இலங்கைத் தமிழர் இன்றும் சொல்கின்றனர். றாத்தல் என்பது ஒரு பவுண்டு நிறை, அதாவது ஏறத்தாழ 450 கிராம். நாடு மெட்ரிக் அளவைக்கு மாறிப் பல பத்தாண்டுகள் கடந்தபின்னும், பாண் வாங்கும் வாயிலில் மட்டும் றாத்தல் அழியவில்லை.

இவ்வாறு நகரத்தின் ஓர் ஓரத்தில் இருந்த உணவை நாட்டின் நடுவே கொண்டுவந்து வைத்தது இரண்டாம் உலகப்போர். இலங்கை தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்து இறக்குமதி செய்துவந்தது. 1942 இல் யப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த வழி அடைபட்டது. அரசாங்கம் அரிசிக்குப் பங்கீட்டு அட்டையைக் கொண்டுவந்து, குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவை வழங்கியது. அதுவரை கோதுமையைக் கையால் தொட்டிராத கிராமத்துக் குடும்பங்கள் மாவுப் பொதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதைக் கொண்டு ரொட்டி சுட்டன, பிட்டு அவித்தன. அந்த மாவை முதலில் ஆவியில் அவித்து அரித்தெடுத்துப் பிறகு பிட்டும் இடியப்பமும் செய்யும் யாழ்ப்பாண முறை, புதிய தானியத்தைப் பழைய சமையலுக்கு வழிப்படுத்திய பெண்களின் கைத்திறனுக்குச் சான்று. பாணை மட்டும் அவ்வாறு வீட்டில் செய்துகொள்ள இயலவில்லை. அதற்குப் போறணை வேண்டும். போறணை பேக்கரியில்தான் இருந்தது. வடக்கில் வெதுப்பகம் என்று பெயர்ப்பலகைகளில் எழுதப்படுவதும் இந்தப் பேக்கரியே.

பாணின் இயல்பும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது. சுட்டெடுத்த பாண் ஆறத் தொடங்கியதும் அதிலுள்ள மாச்சத்து மீண்டும் இறுகத் தொடங்குகிறது; அதனால் காலையில் பஞ்சுபோல் இருந்தது மறுநாள் விறைத்துப்போகிறது. இலங்கையின் ஈரப்பதம் மிக்க வெப்பத்தில் இரண்டு மூன்று நாட்களில் பூஞ்சணமும் படர்ந்துவிடும். வீட்டில் செய்ய முடியாததும், வாங்கிச் சேமித்து வைக்க முடியாததும், அன்றன்றே உண்ண வேண்டியதுமான ஒரு பண்டம் நிலைத்த உணவாக வேண்டுமானால் அது நாள்தோறும் வீடு தேடி வந்தாக வேண்டும். அரிசி வியாபாரிக்கு மாதம் ஒருமுறை வாடிக்கையாளர் முகம் காட்டினால் போதும். பாண் விற்பவருக்கோ ஒரே படலையில் ஒரு நாளில் இருமுறை நிற்க வேண்டியிருந்தது. அயலில் வேறு எந்த வணிகருக்கும் வாய்க்காத நெருக்கம் அவருக்கு வாய்த்ததன் அடிப்படை இதுதான். அது அவருடைய இனிய சுபாவத்தால் மட்டும் வந்ததன்று, ஆனால் அந்தச் சுபாவம் வெளிப்பட நாளுக்கு இரண்டு வாய்ப்புகளை அவருடைய பண்டமே அமைத்துக் கொடுத்தது.

தொடக்கத்தில் கூடையைச் சுமந்து நடந்தே விற்றவர்கள், மிதிவண்டி மலிந்தபின் அதன் பின்புற இருக்கையில் பெரிய மரப்பெட்டியையோ தகரப்பெட்டியையோ பொருத்திக்கொண்டனர். பெட்டியின் மூடியைத் திறந்ததும் எழும் வெதுவெதுப்பான மணமே பாதி வியாபாரத்தை முடித்துவிடும் என்பது அதை நுகர்ந்த தலைமுறையினர் அனைவரும் ஒத்துக்கொள்வது. இறப்பர்ப் பந்தை அமுக்கி ஒலிக்கும் குழல் அவர்களின் அடையாளமாக இருந்தது. மீன் விற்பவரும் மிதிவண்டியில் குழல் ஊதியே வந்தமையால், ஒலிக்கும் விதத்தைக் கொண்டே வந்திருப்பது மீனா பாணா என்று அயலவர் பிரித்தறிந்தனர். பேக்கரியிலிருந்து விடியுமுன் சரக்கை எடுத்துக்கொண்டு, விற்ற தொகையில் ஒரு பங்கைக் கொமிசனாகப் பெறுவது பொதுவான ஏற்பாடு. விற்காமல் எஞ்சியது காய்ந்து ரஸ்க்காக மாறுவதுமுண்டு. ஆயினும் மீதம் அதிகமானால் அந்நாளின் உழைப்பு வீணாகிவிடும் என்பதால், எந்த வீட்டில் எத்தனை பேர், எவர் வீட்டுக்கு விருந்தினர் வந்திருக்கின்றனர், எந்த வீட்டில் விரதம் என்பதையெல்லாம் அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது. அயலைப் பற்றிய இந்த அறிவு அவருடைய முதலீடு.

கையில் காசில்லாத நாட்களிலும் பாண் வாங்குவதற்குக் கொப்பி இருந்தது. கொப்பி என்பது குறிப்பேடு. சம்பளம் கிடைக்கும் நாள் வரை வாங்கியதையெல்லாம் அதில் எழுதிவைத்து மாதக் கடைசியில் தீர்ப்பது வழக்கம். கடனுக்கு ஈடில்லை, வட்டியில்லை, கையெழுத்துமில்லை; இரு பக்கத்து நினைவே பத்திரம். பேக்கரிக்கு அவர் அன்றன்றே காசு கட்ட வேண்டியிருந்த நிலையில், வாடிக்கையாளருக்கு ஒரு மாதத் தவணை கொடுப்பது தன் கையிலிருந்து செய்யும் உதவியாகும். சிறு வருவாய்க் குடும்பங்கள் மாதத்தின் கடைசி வாரத்தைக் கடந்ததில் இந்த மனிதர்களுக்கு இருந்த பங்கை எந்தப் பொருளாதாரக் கணக்கெடுப்பும் பதிவு செய்ததில்லை என்பது வருத்தத்துக்குரியது. விளிப்பதிலும் அந்த உரிமை தெரிந்தது: யாழ்ப்பாணத்தில் வயதுக்கேற்பத் தம்பி, அண்ணை என்றும், முஸ்லிம்கள் வாழும் தெருக்களில் நானா என்றும், சிங்களவர் மத்தியில் மல்லி என்றும் அவரை அழைத்தனர். பெயர் தெரியாமலேயே முறை சொல்லி அழைக்கப்பட்டவர் அவர்.

அரசியல் இந்தப் பெட்டிக்குள் அடிக்கடி நுழைந்தது. 1953 இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகத்து 12 ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. கொத்து என்பது ஏறத்தாழ இரண்டு றாத்தல் கொள்ளும் அளவை. துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நேர்ந்து, ஒக்தோபரில் பிரதமர் பதவி விலகினார். அதன்பின் வந்த எந்த அரசாங்கமும் உணவு விலையை அச்சமின்றித் தொட்டதில்லை. 1966 இன் இறுதியில் பங்கீட்டு அரிசி வாரத்துக்கு ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டபோது, அக்குறையை நிரப்ப மக்கள் நாடியது மாவையும் பாணையும். அமெரிக்கா 1954 இல் இயற்றிய, தன் மிகை தானியத்தை நட்பு நாடுகளுக்குச் சலுகையில் அளிக்கும் பொதுச் சட்டம் 480 இன் கீழும், அவுஸ்திரேலியா போன்ற நாடுகளுடன் நடந்த வணிகத்தின் வழியும் மாவு வந்துகொண்டிருந்தது.

1970 களின் நடுப்பகுதி அந்த ஓட்டத்தை நிறுத்தியது. வெளிநாட்டுச் செலாவணி வற்றி, உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் ஒருசேர விலையேறிய அக்காலத்தில், விடியுமுன்பே பேக்கரி வாசல்களில் பாணுக்கு வரிசை நின்றது. அந்த வரிசை ஒரு தலைமுறையின் நினைவில் அழியாத வடுவாகப் பதிந்திருக்கிறது. தெருவுக்கு வர வேண்டிய பாண் பேக்கரி வாசலிலேயே தீர்ந்துபோனமையால், அதுவரை வீடு தேடி வந்த பண்டத்தைத் தேடி வீட்டார் செல்ல வேண்டியதாயிற்று. தோட்டத் தொழிலாளர் மத்தியில் அத்தட்டுப்பாடு வரிசையோடு நிற்கவில்லை. பங்கீட்டு அரிசியையும் மாவையும் நம்பியிருந்த மலையகத் தமிழரில் பலர் 1973, 1974 ஆண்டுகளில் பட்டினிக்கும் நோய்க்கும் இரையாயினர். பாண் என்ற எளிய பண்டத்தின் வரலாற்றை இனிய நினைவாக மட்டும் எழுதுவோர் இந்த ஆண்டுகளைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர், அது நேர்மையாகாது.

1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டு, 1979 இல் பங்கீட்டு முறைக்குப் பதிலாக உணவு முத்திரையைக் கொண்டுவந்தது. மாவாக இறக்குமதி செய்வதற்குப் பதில் கோதுமையைத் தானியமாகவே இறக்கி உள்நாட்டில் அரைப்பதற்காகச் சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டு, திருகோணமலையின் சீனன்குடாவில் பெரும் மாவாலை 1980 இல் இயங்கத் தொடங்கியது. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றான அங்கே பெருங்கப்பல்கள் நேரே வந்து தானியத்தை இறக்க முடிந்தது. வரிசைகள் மறைந்தன; பேக்கரிகள் சிற்றூர்களிலும் பெருகின; தெரு விற்பனையாளர் மீண்டும் படலைக்கு வந்தார். 1994 ஆம் ஆண்டுத் தேர்தலில் சந்திரிகா குமாரதுங்க தலைமையிலான கூட்டணி ஒரு றாத்தல் பாணை மூன்றரை ரூபாவுக்குத் தருவதாக வாக்களித்து வென்றது என்பதைப் பார்த்தால், அயல்நாட்டிலிருந்து வந்த ஓர் உணவு அதற்குள் வாக்காளரின் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது என்பது விளங்கும்.

திறந்த இறக்குமதியோடு வந்த மற்றொன்று இந்தியாவின் பஜாஜ் முச்சக்கர வண்டி. வாடகைக்கு ஆளேற்றும் வாகனமாகப் பரவிய அது, 2010 களின் முடிவுக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் பதிவாயிற்று. பயணிகள் இருக்கையை அகற்றிவிட்டு அங்கே கண்ணாடிப் பக்கங்களும் தட்டுகளும் கொண்ட பெட்டியைப் பொருத்தினால் அதுவே நடமாடும் பேக்கரி ஆகும் என்பதை எவர் முதலில் கண்டார் என்று கேட்பதில் பயனில்லை. வாகனமும் தேவையும் ஒரே தெருவில் நின்றுகொண்டிருந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தென்னிலங்கை நகர்களில் இவ்வண்டிகள் பரவி, அவை ஒலித்த மின்னணு மெட்டால் சூன் பாண் என்ற பெயரைப் பெற்றன. சூன் என்பது மெட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சிங்களப் பேச்சு வடிவம். தமிழரும் அதை அவ்வாறே வழங்கினர்.

அந்த மெட்டு பெரும்பாலும் ஒன்றே: எலீஸுக்காக எனப் பொருள்படும் ஃபியூர் எலீஸ. செர்மானிய இசைமேதை பீத்தோவன் 1810 இல் பியானோவுக்காக எழுதிய இச்சிறு படைப்பு அவர் வாழ்நாளில் அச்சாகவில்லை. அவர் இறந்து 40 ஆண்டுகளுக்குப்பின் 1867 இல்தான் வெளிவந்தது. மேற்கத்திய இசைக் கூடத்துக்குள் ஒருநாளும் கால் வைத்திராத பல்லாயிரம் இலங்கைக் குழந்தைகளுக்கு அதன் முதல் ஒன்பது சுரங்கள் பணிஸ் எனப்படும் சிறு பாண் வருவதற்கான அறிவிப்பு. ஏன் இந்த மெட்டு என்ற கேள்விக்குப் பொருத்தமான விடை மின்னணுத் தொழிலில் இருக்கிறது. வாழ்த்து அட்டைகளுக்கும் அழைப்பு மணிகளுக்கும் வாகன ஒலிப்பான்களுக்குமாகக் கிழக்காசியாவில் பெருமளவில் செய்யப்பட்ட மலிவான இசைச் சில்லுகளில் ஆலையிலேயே பதியப்பட்ட மெட்டுகளில் இதுவும் ஒன்று. யூஎம்66 எனப்படும் மூன்று கால் சில்லின் வரிசையிலும் இதற்கெனத் தனி எண் உண்டு. தாய்வானில் இதே மெட்டு குப்பை வண்டியின் வருகையை அறிவிக்கிறது. ஒரே ஒலி ஓரிடத்தில் வீட்டிலிருந்து எதையோ வெளியே கொண்டுவரச் சொல்ல, இன்னோரிடத்தில் உள்ளே கொண்டுவரச் சொல்கிறது. ஒலிக்குப் பொருளைத் தந்தது அந்தந்தத் தெருவே.

கண்ணாடிப் பெட்டி வந்ததும் விற்கும் பண்டங்களும் பெருகின. மிதிவண்டிக் காலத்தில் அச்சில் வார்த்த அச்சுப் பாணும், மொறுமொறுப்பான மேல்தோல் கொண்ட தட்டையான றோஸ் பாணும், சில பணிஸ்களுமே பெட்டியில் இருந்தன. முச்சக்கர வண்டியோ நீளமாகச் சுருட்டி மேலே சீனி தூவிய கிம்புலா பணிஸ், முக்கோணமாக மடித்து உள்ளே உருளைக்கிழங்கும் மீனும் வைத்த மாலுப் பாண், காரமும் இனிப்பும் கலந்து வதக்கிய வெங்காயத்தை உள்ளே அடைத்த சீனிச்சம்பல் பணிஸ், மரக்கறி ரொட்டி, பட்டர் கேக் என்று ஒரு சிறு கடையையே கொண்டுவந்தது. கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை, மாலு என்றால் மீன். காலையில் வந்தது சோற்றுக்கு மாற்றான உணவு. பிற்பகல் நான்கு மணியளவில் வந்தது தேநீருக்குத் துணையான சிற்றுண்டி. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்று விரலால் சுட்டித் தெரிவு செய்வதும், முற்றத்தைத் தாண்டி அதிகம் வெளியே செல்லாத முதியவர்கள் அந்தச் சில நிமிடங்களில் அயல்வீட்டாரோடு நலம் விசாரித்துக்கொள்வதும் இவ்வண்டியைச் சுற்றியே நிகழ்ந்தன. மதில்கள் உயர்ந்து அயலுறவு சுருங்கிவரும் புறநகர்களில், ஒரே நேரத்தில் பல கதவுகளைத் திறக்க வைக்கும் வேறு நிகழ்வு எதுவும் அன்றாடத்தில் எஞ்சியிருக்கவில்லை.

வடக்கில் இந்த மாற்றம் பிந்தியே வந்தது. அதன் காரணம் உள்நாட்டுப் போர். 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை எரிபொருளையும் மின்கலங்களையும்கூட அரிதாக்கியது. மிதிவண்டியின் மின்னாக்கியைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களிடையே பாட்டிசைத்து வரும் எரிபொருள் வண்டிக்கு இடமிருக்கவில்லை. போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து 2002 ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 நெடுஞ்சாலை திறந்தது. 2006 ஆகத்தில் மீண்டும் மூடுண்டது. அவ்வாண்டுகளில் வடக்கின் பாண் விற்பவர் மிதிவண்டியிலும் பெட்டியிலும் தங்கியிருந்ததைப் பின்தங்கல் என்று எண்ணுவது பிழை. மாவு கிடைத்த நாளில் மட்டும் போறணை எரிந்த சூழலில், அன்று பாண் உண்டா இல்லையா என்ற செய்தியையும், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்ற செய்தியையும் வீடுவீடாகக் கொண்டுசென்றவரும் அவரே. இடம்பெயர்ந்தோருக்கு வழங்கப்பட்ட உலர் உணவுப் பங்கிலும் கோதுமை மாவு இருந்தது. 1942 இல் தொடங்கிய உறவு ஒவ்வொரு பேரிடரிலும் இவ்வாறு புதுப்பிக்கப்பட்டது. 2009 இல் போர் முடிந்தபின் தெற்கின் முச்சக்கரப் பாண் வண்டி வடக்கின் ஒழுங்கைகளையும் எட்டியது. அதற்கு முன்பே இசையொலித்து வரும் ஐஸ்கிரீம் வண்டியையும் மணியடித்து வரும் ஐஸ்பழக்காரரையும் அறிந்திருந்த யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்குத் தெருவில் இசை கேட்பது புதிதாக இருக்கவில்லை.

எல்லோருக்கும் அந்த ஒலி இனித்தது என்றும் சொல்வதற்கில்லை. அதிகாலையில் ஒரே மெட்டு இடைவிடாது ஒலிப்பது நோயாளருக்கும் இரவுப்பணி முடித்து உறங்குவோருக்கும் தொல்லை என்ற முறைப்பாடுகள் எழுந்து, 2010 களின் பிற்பகுதியில் ஒலி மாசு விதிகளின்கீழ் இவ்வண்டிகள் கட்டுப்படுத்தப்பட்டன. ஒலிபெருக்கி அமைதியானதும் வருகை தெரியாமல் போய் விற்பனை சரிந்தது என்பது விற்பனையாளர் தரப்பு வாதம். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனினும் நகரத்தில் கட்டட வேலையும் பேருந்துக் குழல்களும் எழுப்பும் இரைச்சலோடு ஒப்பிடும்போது, நாளுக்கு இருமுறை சில நிமிடங்கள் கேட்கும் ஓர் ஒலி முதலில் தண்டிக்கப்பட்டதற்கு, அதை எழுப்பியவர் எளியவர் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே கருத வேண்டியிருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி வண்டியின் தூய்மையைப் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், பாணின் நிறையைப் பார்க்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அலுவலரும் இவரைத் தெருவிலேயே நிறுத்திக் கேள்வி கேட்க முடியும். பேக்கரியில் குறைந்த நிறைக்கு அவர் தெருவில் விடை சொல்ல வேண்டிய நிலையும் இதனால் ஏற்படுவதுண்டு. 2024 இன் தொடக்கத்தில் ஒரு றாத்தல் பாண் 450 கிராமும் அரை றாத்தல் 225 கிராமும் இருக்க வேண்டும் என்று அதிகார சபை வர்த்தமானியில் மீண்டும் வலியுறுத்தியது.

2020 மார்ச்சு 20 ஆம் நாள் கொரோனாத் தொற்றை முன்னிட்டு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது கடைகள் மூடின, சந்தைகள் மூடின. கொழும்பிலும் கம்பகாவிலும் மே மாதக் கடைசி வாரம் வரை அது நீடித்தது. உணவு வீடு தேடி வர வேண்டும் என்ற நிலையில் நடமாடும் விற்பனையாளருக்கு அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. எந்த ஒலி தொல்லையென்று அடக்கப்பட்டதோ அந்த ஒலியை மக்கள் சாளரத்தில் நின்று எதிர்பார்த்தனர். ஒவ்வொரு தெருவிலும் எத்தனை வீடு, எந்த வீட்டில் தனித்து வாழும் முதியவர் என்பது முன்பே தெரிந்திருந்தமையால், புதிதாகப் பட்டியல் தயாரித்துப் பொதி வழங்கப் புறப்பட்ட அமைப்புகளை விட அவர் விரைவாகச் செயற்பட முடிந்தது. மரக்கறியும் மீனும் முட்டையும் அவ்வாறே வண்டியேறின. அரசு நிருவாகம் அவசரத்தில் உருவாக்க முயன்ற வலைப்பின்னல் பல பத்தாண்டுகளாகத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அந்த இரண்டு மாதங்கள் வெளிப்படுத்தின.

அடுத்து வந்த அடி அவ்வளவு கருணை காட்டவில்லை. 2022 இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் திணறியபோது மாவும் எரிவாயுவும் எரிபொருளும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. மே மாதத்தில் இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது நெருக்கடியை இறுக்கியது. ஒரு றாத்தல் பாணின் விலை அவ்வாண்டுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பல பேக்கரிகள் மூடப்பட்டன. யூலையில் நடைமுறைக்கு வந்த எரிபொருள் அட்டை முறையில் முச்சக்கர வண்டிக்கு முதலில் ஒதுக்கப்பட்டது வாரத்துக்கு 5 லீற்றர். நாள்தோறும் இருமுறை பல மைல் சுற்றும் ஒரு தொழிலுக்கு அது சில நாட்களிலேயே தீர்ந்துவிடும் அளவு. முழுப் பாண் வாங்கிய வீடு அரை றாத்தலுக்கு இறங்கியது. கொப்பியில் கடன் நீண்டது. மாவின் விலை நாளுக்கு நாள் மாறிய நிலையில் பேக்கரிகள் முன்பணம் கேட்க, கடன் கொடுத்துவந்தவரின் கையிருப்பே முதலில் கரைந்தது.

இத்தொழிலில் இருப்போரில் பலர் பேக்கரியின் ஊழியராகப் பதிவானவர்கள் அல்லர். 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியருக்கு வேலைகொள்வோர் செலுத்த வேண்டிய சேமலாப நிதி, கொமிசனுக்கு விற்பவரைப் பெரும்பாலும் சென்றடைவதில்லை. வண்டி சொந்தமானால் அதன் தவணைக் கட்டணமும் பழுதும் அவருடையவை, வண்டி பேக்கரியுடையதானால் வேலையின் உறுதி அவருடையதன்று. இந்தியா 2014 இல் தெரு விற்பனையாளரின் வாழ்வாதாரத்தைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றி, நகர விற்பனைக் குழுக்களில் அவர்களுக்கு 40 விழுக்காடு இடம் ஒதுக்கியது. இலங்கையில் பாண் விற்பவரின் நிலை இன்னும் உள்ளூராட்சி மன்ற உரிமத்துக்கும் சுகாதாரப் பரிசோதனைக்கும் போக்குவரத்து விதிக்கும் இடையில் துண்டுதுண்டாகவே கையாளப்படுகிறது. அவருடைய பாதையை வரையறுக்கும் ஆவணம் எதுவுமில்லை. ஒருவர் சுற்றும் தெருவில் மற்றொருவர் நுழையாதிருப்பது எழுதப்படாத உடன்பாட்டால் மட்டுமே நடக்கிறது. நோயுற்றோ முதுமையாலோ அவர் தொழிலை விடும்போது, அந்தப் பாதை மகனுக்கோ மருமகனுக்கோ உறவுவழி கைமாறுவதுண்டு. கொப்பியில் எஞ்சிய கடன்களும் அதனோடு சேர்ந்தே கைமாறும். அவற்றைத் தீர்ப்பது அந்தத் தெருவின் பொறுப்பு.